இருவருக்கு ஒரு சட்டி

அந்த உணவகத்தின் சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை மூன்று முறை படித்தேன். ஜெர்மனில் பெரிதாக எழுதி, போனால் போகிறதென்று கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் போட்டிருந்தார்கள். பண்டத்தின் பெயர் ஃபோண்டு. சீஸை ஒயின் விட்டு உருக்கிச் சட்டியோடு மேசைக்குக் கொண்டுவந்து, அடியில் சின்ன அடுப்பையும் ஏற்றி வைத்துவிடுவார்கள். நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் முக்கி எடுத்துச் சாப்பிட வேண்டியது. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. இரண்டு பேருக்குக் குறைந்து கொடுப்பதில்லை.

மாட்டினார் என் வீட்டுக்காரர் என்று, சுவிட்சர்லாந்தில் துன் என்ற ஊரின் கடைவீதியில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நாயோடு போன அம்மாள் திரும்பிப் பார்த்தார். நாயும் பார்த்தது.

விஷயம் இதுதான். நான் கால்நடை மருத்துவர். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விவசாயக் கூலிகளின் தெருவில் பிறந்து, அரசுப் பள்ளி, அரசு விடுதி, அரசுச் சம்பளம் என்று வளர்ந்தவள். வேலை ஒரத்தநாட்டுப் பக்கம். கறவை மாடு வளர்ப்பில் இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னை இங்கே அனுப்பியிருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் சில நாள் விடுப்புப் போட்டு, அவரையும் வரவழைத்தேன். மே மாதம். வயலில் உளுந்து எடுத்தாகிவிட்டது. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. சாக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை.

அவர் பேர் முருகையன். எழுதலாம், தப்பில்லை; கூப்பிடத்தான் எனக்கு நா வராது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. முதல் இரண்டு வருஷம் மாமியார் மேல் பழி போட்டேன். ஆம்பளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் போன பிறகும் அதே கதைதான். காலை ஆறரை பஸ்ஸுக்கு நான் டிபன் டப்பாவோடு ஓடிவிடுவேன். அவர் பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இலையைப் போட்டு, “நீங்களும் நானும் உக்காருவோமே” என்றால், “எனக்குப் பசியில்ல, நீ சாப்புடு” என்பார். நான் கை கழுவிய பிறகு எங்கிருந்தோ பசி வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் அதைவிட மோசம். சொம்போ, டம்ளரோ, பாட்டிலோ, எதிலும் உதடு படாது. தலையை அண்ணாந்து, ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார். எல்லோரும்தான் அண்ணாந்து குடிக்கிறோம், ஆனால் தன் வீட்டில், தன் டம்ளரில், சூடான காப்பியையுமா? எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணம். மாலை மாற்றி முடிந்ததும் பாலும் பழமும் கொடுத்தார்கள். ஒரே டம்ளரில் பாதி அவர், பாதி நான். அவர் அந்தப் பாலையும் அண்ணாந்துதான் குடித்தார். பட்டுச் சட்டையெல்லாம் பால். பெண்கள் சிரித்த சிரிப்பில் மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு ஒரு டம்ளரில் வாய் வைக்க இந்த மனிதருக்கு மனம் வரவில்லை என்று அன்றைக்கு நெஞ்சில் தைத்தது, பிறகு எடுபடவே இல்லை.

ஆகவே எனக்கு ஆல்ப்ஸ் மலை வேண்டாம், கடிகாரம் வேண்டாம், சாக்லேட் வேண்டாம். ஒரே ஒரு வேளை, அவரோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட வேண்டும். அதற்கு இந்த ஊர்க்காரர்களே சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே போய், செவ்வாய்க்கிழமை மாலைக்கு சன்னலோரமாக ஒரு மேசை சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை அவர் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. பெட்டியில் துணி ரெண்டே ரெண்டு. மீதி முழுக்கப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மாவடு, ஐந்து கிலோ புழுங்கல் அரிசி. கருவாடு மட்டும் கொண்டுவரவில்லை என்று ரயிலில் சத்தியம் செய்தார். அறையில் பெட்டியைத் திறந்ததும் சத்தியம் நாறியது.

விடுதிக்காரப் பெண்ணிடம் ஒரு சட்டி கேட்டு வாங்கிச் சோறு வடித்தேன். அவர் தரையில் துண்டை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எட்டு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தார். “ஒனக்கு வச்சிருக்கேன், சாப்புடு” என்று சொல்லிவிட்டுச் சன்னலருகே போய் நின்றுகொண்டார். வெளியே எங்கள் திருத்துறைப்பூண்டி அளவுக்கு ஒரு ஏரி. அதற்குப் பின்னால் பனி போட்ட மலை. நான் சோற்றைப் பிசைந்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்க அவரை ஒரு பாலத்திலிருந்து நகர்த்த முடியவில்லை. ஏரியிலிருந்து ஆறு புறப்படுகிற இடத்தில், கூரை போட்ட மரப்பாலம் ஒன்று. பாலமேதான் மதகு. வரிசையாக மரப்பலகைகள். ஏரித் தண்ணீரை வேண்டிய மட்டும் விடுகிறார்கள், வேண்டாதபோது அடைக்கிறார்கள். தண்ணீர் பச்சைக் கண்ணாடி நிறத்தில் இரைந்து விழுகிறது. இவர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார்.

“ஏன் அரசி, இந்தத் தண்ணிக்கு எந்த ஸ்டேட்டோட கேஸ் நடக்குது?”

“கேஸெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பனி உருகி வருது.”

“கேஸ் இல்லாம ஒரு தண்ணியா?” என்று நம்பாமல் சிரித்தார். எங்கள் ஊரில் முறைத் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறவர் அவர். மீத்தேன் எடுக்க விடமாட்டோம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்ட அந்த வருஷம், முன்னூறு பேர் முன்னால் மேடையேறிப் பேசினார். அப்படிப்பட்டவர் மத்தியானம் நான் வாங்கிக் கொடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நின்று தின்றார்.

திங்கட்கிழமை அவரைத் தொலைத்தேன்.

மலைப்பக்கம் போகிற ரயிலில் ஏறினோம். கொஞ்ச நேரத்தில், “டிரைவரு எப்புடி ஓட்டுறாருன்னு பாத்துட்டு வர்றேன்” என்று முன்பெட்டிகளை நோக்கிப் போனார். ஜெர்மனில் ஏதோ அறிவித்தார்கள். எங்கள் ஊர் ரயிலில் அறிவிப்பை யார் காது கொடுத்துக் கேட்கிறோம்? ஒரு சந்திப்பில் ரயில் நின்றது. பிறகு என் கண்ணெதிரே ரயில் இரண்டாகக் கழன்றது. முன்பாதி ஒரு பள்ளத்தாக்குக்கும், நான் இருந்த பின்பாதி இன்னொரு பள்ளத்தாக்குக்கும் போய்விட்டது. இது இங்கே தினப்படி நடக்கிற சங்கதியாம். மன்னார்குடியில் பஸ்ஸின் முன்பாதி பட்டுக்கோட்டைக்கும் பின்பாதி கும்பகோணத்துக்கும் போனால் ஊர் சும்மா இருக்குமா?

அவர் போனில் இந்த ஊர் சிம் இல்லை. தமிழைத் தவிர வேறு பாஷையும் இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயிலில் அந்தச் சந்திப்புக்கே திரும்பி வந்து, நிலையத்து ஆளிடம் வேட்டி என்றால் என்ன என்று படம் வரைந்து காட்டினேன். அந்த ஆள் எல்லா நிலையங்களுக்கும் போன் போட்டுப் பேசினார். இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நடந்தேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

பிறகு ஒரு ஜீப் வந்து நின்றது. சிவப்பு முகத்தோடு ஒரு வயதான விவசாயி இறங்கினார். அவருக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைநிறையப் பச்சைப் புல்லோடு என் வீட்டுக்காரர். எங்கேயோ ஒரு சின்ன நிலையத்தில் இறங்கியிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்ந்திருக்கின்றன. அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த விவசாயி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைவிடக் குறைவான ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்க கணவர் என் நிலத்தையெல்லாம் நடந்து பார்த்தார். யாருடையதுன்னு கேட்டார், கையாலேயே. என்னுடையதுன்னு காட்டினேன். உடனே ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அது என்ன, பாஸ்போர்ட்டா?”

எனக்குத் தெரியும் அது என்னவென்று. லேமினேட் செய்த பட்டா நகல். நாலு மா நிலம், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அவர் அப்பா கூலிச் சங்கத்தில் சேர்ந்து, ஜெயிலுக்குப் போய், கொடி பிடித்து, மனுக் கொடுத்து, கடைசியில் தாலுக்கா ஆபீசில் தன் பேருக்கு வாங்கிய நிலம். சட்டைப்பையில் அது இல்லாமல் அவர் வெளியே போவதில்லை. சுவிட்சர்லாந்துக்கும் வந்திருக்கிறது.

“அது அவங்க நிலத்துப் பத்திரம்” என்று சொன்னேன். விவசாயி தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் பழைய சிநேகிதர்கள்போல் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

“சாப்புட்டீங்களா?” என்று கேட்டேன், கோபத்தை மறக்காமல்.

“அவங்க வீட்டம்மா மேசையில எல்லாத்தையும் எடுத்து வச்சாங்க. நான் ரொட்டிய கையில வாங்கிக்கிட்டு, வெளில மாட்டுக்கிட்ட நின்னு சாப்புட்டுட்டேன்.”

“அவங்க என்ன நெனச்சிருப்பாங்க?”

“மாட்டுப் பைத்தியம் புடிச்ச மனுசன்னு நெனச்சிருப்பாங்க” என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை வந்தது.

திருபுவனம் பட்டு எடுத்து வந்திருந்தேன், அதைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு வெள்ளை வேட்டி சட்டை, மேலே குளிருக்கு என் அண்ணன் கோட்டு. மாலை ஏழு மணிக்கும் இந்த ஊரில் மத்தியான வெயில்போல் வெளிச்சம். எங்களுக்குக் கொடுத்த மேசை மதகுக்கு நேராக இருந்தது, அது அவருக்குப் பிடித்துவிட்டது. மேசைமேல் ஒரு மெழுகுவத்தி, ஒற்றை ரோஜா.

“பகல்ல எதுக்கு மெழுகுவத்தி? கரண்ட் கட்டா?”

“காதலர்களுக்குங்க.”

“யாரு?” என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு விளங்கி, மீசையைத் தடவிக்கொண்டு மதகைப் பார்க்க ஆரம்பித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பரிமாறும் பெண் உயரமானவள், சிரித்த முகம். இரண்டு வகைச் சீஸைப் பாதிக்குப் பாதி கலந்தது கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அதைத் தமிழில் சொன்னேன்.

“பாதி வாரமா?” என்றார் உடனே, நிலத்து விளைச்சலைப் பங்கு போடுகிற நினைப்பில். “விதை யாருது, உழவு யாருது, அதக் கேளு மொதல்ல.”

கேட்கவில்லை. கொண்டுவரச் சொன்னேன். கூடவே அவள் ஒரு எச்சரிக்கை சொன்னாள்: சீஸோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது, வயிற்றுக்குள் கட்டிக்கொள்ளும், சூடான தேநீர்தான் நல்லது. இதை அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். சூடு, குளிர்ச்சி, பத்தியம் என்று பேசுகிற ஜனங்கள் நாகரிகமான ஜனங்கள் என்பது அவர் கட்சி.

சட்டி வந்தது. சிவப்பு நிறத்தில், கைப்பிடி வைத்து, நம் ஊர்க் குழம்புச் சட்டி அளவுக்கு. அடியில் நீலத்தீ. உள்ளே மஞ்சளாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு கூடை ரொட்டித் துண்டுகள், இரண்டு நீள முள்கரண்டிகள். ஒன்றின் பிடி சிவப்பு, ஒன்று பச்சை.

“அடுப்போட கொண்டாந்துட்டாங்களே! சரி, ஒனக்கு எங்க?”

“இதுதாங்க. ரெண்டு பேருக்கும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அப்ப நீ சாப்புட்டு முடி. நான் அந்த மதகுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்.”

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு ஆள் மட்டும் முதலில் சாப்பிடலாமா என்று அவர் முன்னாலேயே கேட்டேன். அவள் பதறிப்போனாள். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் ரொட்டியை மெல்லும்போது இன்னொருவர் கரண்டி சட்டிக்குள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடி பிடித்து மேலே எண்ணெய் பிரிந்து எல்லாம் பாழ் என்றாள். கையால் எட்டுப் போட்டுக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாப்பாடு பாழாவதை அவர் பொறுக்க மாட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

நான் முதலில் முக்கி எடுத்துச் சாப்பிட்டேன். உப்பும் புளிப்புமாக, நாக்கில் பொசுபொசுவென்று, நன்றாகவே இருந்தது. அவர் சட்டியைக் கிண்டிக்கொண்டே என் உதட்டையும் கரண்டியையும் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு துண்டைக் குத்தினார், முக்கினார், மூன்று சுற்றுச் சுற்றிச் சீஸ் நூலை அறுத்தார். தலையை அண்ணாந்தார். கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

“வேணாங்க” என்று சொல்வதற்குள், ஒரு முழம் உயரத்திலிருந்து ஒரு உதறு உதறினார். ரொட்டித் துண்டு குறி தப்பாமல் வாய்க்குள் விழுந்தது. பின்னாலேயே சீஸ் நூல் ஒன்று ஆடி இறங்கி மீசையில் படிந்தது. உணவகத்தில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

எனக்குத் தரையில் புதைந்துபோகலாமா என்றிருந்தது. அப்போது பக்கத்து மேசையில் கைதட்டல் கேட்டது. வெள்ளை முடி, முத்துமாலை, எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள். எதிரே அவர் கணவர். அந்த அம்மாள் தன் கணவரிடம் ஜெர்மனில் படபடவென்று பொரிந்தார். பரிமாறும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்: “இவங்க சொல்றாங்க, ‘ஐம்பது வருஷமா உனக்குச் சொல்றேன், பொதுச் சட்டியில போற கரண்டியில உதடு படக்கூடாதுன்னு. இந்த ஐயாவப் பாரு, எவ்வளவு சுத்தமா சாப்பிடுறார்’ன்னு.” அதுதான் இங்கே முறையாம். கரண்டியைப் பல்லிலோ நாக்கிலோ படவிடாமல் ரொட்டியை மட்டும் எடுக்க வேண்டும். செய்பவர்கள்தான் குறைவாம்.

இதை நான் மொழிபெயர்த்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாய்க்கால் தகராறில் ஜெயித்து வந்தவர்போல் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா! என்னமோ என்னைய பட்டிக்காட்டான்னு நெனச்சியே!” அந்தக் கணவர் எழுந்து வந்து சொல்லித் தரச் சொன்னார். இவர் சொல்லிக் கொடுத்தார். மூன்று சுற்று, ஒரு உதறு. கணவரின் முதல் துண்டு அவர் கழுத்துப்பட்டையில் விழுந்தது. அதற்கு அடுத்த மேசையிலும் ஒருவர் முயன்றார். உணவகமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பந்தியில்கூட அவரை நான் இத்தனை உற்சாகமாகப் பார்த்ததில்லை.

நான் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒரே சட்டிதான், எதிரெதிரேதான், ஆனாலும் அவர் ஒரு முழத்துக்கு அப்பாலேயே இருந்தார். அதற்கு இப்போது சுவிட்சர்லாந்தின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. நான்காவது துண்டுக்கு அவர் தலையை அண்ணாந்தபோது என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“ஒண்ணு கேக்குறேன், உள்ளத சொல்லுங்க. என் எச்சி ஒங்களுக்கு அவ்வளவு அருவருப்பா?”

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. ரொட்டி நழுவி மேசைமேல் விழுந்தது.

“கல்யாணத்தன்னிக்கி பாலு. அப்பறம் இருவத்தி நாலு வருசம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்கூட உக்காந்தீங்களா? நான் எதுல கொறஞ்சுபோயிட்டேன்?”

அவர் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு எட்டுப் போட்டுக் கிண்டினார். கிண்டிக்கொண்டே, சட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

“எனக்கு ஏழு வயசு இருக்கும். பெரிய பண்ணை களத்துல போரடி. அப்பாகூட போயிருந்தேன். நல்ல தாகம். நமக்கு கையிலதான ஊத்துவாங்க. அன்னிக்கி ஊத்துறதுக்கு ஆளு இல்ல. சொம்பு பக்கத்துல இருந்திச்சு. வாய வச்சுக் குடிச்சிட்டேன்.”

அவர் கை நிற்கவில்லை.

“பண்ணைய மேபாக்குற காரியக்காரரு பாத்துட்டாரு. என்னைய அடிக்கல, ஒண்ணும் பண்ணல. வைக்கோலப் போட்டு நெருப்பு வச்சு, அந்தச் சொம்ப அதுல போட்டாரு. அது கருகி, செவந்து வர்ற வரைக்கும் எங்கப்பாவ கையக் கட்டிக்கிட்டு எதுத்தாப்புல நிக்க வச்சாரு. அப்பறம் எடுத்து, புளி போட்டு வெளக்கி, தண்ணி மோந்து அவரே குடிச்சாரு. எங்கப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல.” சட்டியின் அடியைச் சுரண்டினார். “ஒன் எச்சி மேல எனக்கென்ன அரசி அருவருப்பு? என் எச்சி மேலதான். நான் வாய வச்சா அந்தப் பாத்திரம் கெட்டுப்போயிரும்னு உள்ளுக்குள்ள எங்கயோ ஒண்ணு ஒக்காந்துக்கிட்டு இருக்கு. நீ சாப்புடுற பாத்திரத்துல அத எப்புடி வைக்கிறது?”

இருபத்து நாலு வருஷமாக நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. அந்தக் காரியக்காரர் செத்து எரிந்தே எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் மூட்டிய நெருப்பு என் கல்யாணத்துக்கும் வந்து, என் பாலில் விழுந்து, என் வீட்டு இலையில் விழுந்து, இங்கே ஆல்ப்ஸ் மலை வரைக்கும் வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வருகிற கோபம் சாதாரணக் கோபமில்லை.

“இங்க பாருங்க” என்றேன். “அந்தப் பண்ணை வீட்டு மாட்டுக்கு யாரு ஊசி போடுறா?”

“நீதான்.”

“அந்த வீட்டுப் பேரன் நம்ம வாசல்ல வந்து எப்புடிக் கூப்புடுறான்?”

“டாக்டரம்மாங்குறான்.”

“நான் டாக்டரு. எதுல கிருமி இருக்கு, எதுல இல்லன்னு படிச்சவ. தெனம் பத்து மாட்டு வாயில கைய உடுறேன். ஒங்க வாயில ஒரு கேடும் இல்ல. நான் சர்ட்டிபிகேட் தர்றேன், சீல் வச்சுத் தர்றேன். போதுமா?”

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நான் விடவில்லை. என் பச்சைக் கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி, முக்கி, கரண்டியோடு வாய்க்குள் விட்டு, உதட்டை இறுக மூடி, வழித்து எடுத்தேன். அதே கரண்டியைத் துடைக்காமல் சட்டிக்குள் விட்டுக் கிண்டினேன். “இந்தாங்க, நான் எச்சி பண்ணிட்டேன். மீதி சட்டி வேணுமா, வேணாமா?”

அவர் சட்டியை வெகுநேரம் பார்த்தார். சீஸ் குமிழ் விட்டது, உடைந்தது. பிறகு ஒரு துண்டைக் குத்தினார். முக்கினார். மூன்று சுற்று. கரண்டி தலைக்கு மேலே போகவில்லை. நேராக வாய்க்கு வந்தது, உள்ளே போனது. உதடுகள் மூடின. கண்ணும் மூடிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்திருந்தார், மென்றுகூடப் பார்க்கவில்லை. எங்காவது நெருப்பு கிளம்புகிறதா என்று காத்திருப்பதுபோல் இருந்தது எனக்கு.

எதுவும் கிளம்பவில்லை. மதகில் தண்ணீர் இரைந்தது. மென்றார், விழுங்கினார். கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்தார். அதை மெதுவாகச் சட்டிக்குள் விட்டார், என் கரண்டிக்குப் பக்கத்தில்.

எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மறைக்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? நான் ஜெயித்திருக்கிறேன். அவர் அடுத்த துண்டை முக்கி, பாதியைத் தான் கடித்து, மீதியைக் கரண்டியோடு என் பக்கம் நீட்டினார். “எச்சிதான். சாப்புடுறியா?” என்றார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து மேசை அம்மாள் இதைப் பார்த்துவிட்டார். முறை தப்பியது என்பதற்கு அடையாளமாக விரலை ஆட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. இவர் அந்த அம்மாளைப் பார்த்து, தைரியமாக, கரண்டியை இன்னொரு தடவை நன்றாகச் சப்பிக் காட்டினார்.

அதன் பிறகு எங்களுக்குப் பேச நேரமில்லை. சாப்பிட்டோம். அவருக்கு நான் ஒதுக்கி வைக்கவில்லை, எனக்கு அவர் ஒதுக்கி வைக்கவில்லை. ஒரே துண்டுக்கு இரண்டு கரண்டிகள் மோதின, அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எட்டு நிமிஷத்தில் எழுந்துவிடுகிற மனிதர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

கூடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. சட்டியில் இன்னும் கொஞ்சம் சீஸ் இருந்தது. எந்த வீட்டிலும், எந்தப் பந்தியிலும், எங்கள் சொந்தக் கல்யாணத்திலும்கூட, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு அவர் வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. நான் பரிமாறும் பெண்ணைத் தேடித் திரும்பினேன்.

அதற்குள் அவர் காலிக் கூடையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மேடையில் பேசுகிற குரலில், உணவகம் முழுக்கக் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னார்:

“அம்மாடி, ரொட்டி கொண்டாம்மா! நாங்க இன்னும் சாப்புட்டு முடிக்கல!”